கப்பலேறிய சாமான்களும் இறங்காத சாதியும்

மலையகத் தமிழர்கள் 'தாயகம் திரும்பிய' கதையை எழுதுகிறவர்கள் எல்லோரும் தலைகளை எண்ணியே தொடங்குகிறார்கள். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் நாடற்றவர் என்று கணக்கிடப்பட்டவர்கள் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தார்கள். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் உட்கார்ந்து அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆடு மாடு பிரிக்கிறபோதுகூட எது எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துத்தான் பிரிப்பாங்க. இங்கே அந்தப் பார்வையும் இல்லை. பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

இந்த எண்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. அந்தச் சனங்கள் கையில் எதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதை எழுதியவர்கள் குறைவு. ஒரு குடும்பம் நாடு விட்டு நாடு போகும்போது கட்டுகிற மூட்டையைப் பிரித்துப் பார்த்தால், அந்தக் குடும்பத்தை அரசும் முதலாளியும் ஊரும் எப்படி வைத்திருந்தது என்பது தெரிந்துவிடும். 1973இல் எங்கள் குடும்பமும் அந்தக் கப்பலில் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் பார்த்ததையும், என் அம்மாவும் அப்பாயியும் சொல்லிக்கொண்டே இருந்ததையும், பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் போன பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோய் கண்டு அழிந்த பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்துப் போனவர்கள் கங்காணிகள். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். பஞ்சம் மட்டும் விரட்டவில்லை. பண்ணையடிமைத்தனமும் சேர்ந்துதான் விரட்டியது. பெரிய கங்காணிகளில் பலர் ஆதிக்க சாதிக்காரர்கள். ஆக, கடல் தாண்டியும் மேலே ஒரு சாதி, கீழே ஒரு சாதி என்ற ஏற்பாடு குலையாமல் போய்ச் சேர்ந்தது. லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடந்தன.

அப்படிப் போனவர்களிடம் என்ன சாமான் இருந்தது? அப்பாயியோட மாமியார் சொன்னதாக அப்பாயி சொல்லும்: "ஒரு சட்டி, ஒரு கம்பளி, கழுத்துல ஒரு தகரம்." அந்தச் சட்டியும் கம்பளியும்கூடச் சொந்தமில்லை. கங்காணி கொடுத்த முன்பணத்திலும் வழிச்செலவிலும் எழுதப்பட்ட கடன். கழுத்துத் தகரம் என்பது தோட்டத்தின் அடையாளம் பொறித்த வில்லை. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரிவதற்காக மாட்டினார்கள். தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இந்த ஆள் இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைக் கட்டினால் கூட்டிப் போகலாம் என்று எழுதிய சீட்டு அது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. நம்ம சனங்க கடலைத் தாண்டும்போது சாமானோடு போகவில்லை, அவர்களே சாமானாகத்தான் போனார்கள் என்று நான் சொல்வது உவமைக்காக இல்லை.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. மூன்று தலைமுறையாகக் காட்டை மலையை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் ஒரே வருசத்தில் அந்நியர் ஆனார்கள். அதன் பிறகு வந்ததுதான் 1964 ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. தோழர்கள் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்தியா திரும்புகிறவர்கள் சேமலாப நிதி உட்படத் தங்கள் சொத்துகளைக் கொண்டுபோக இலங்கை அனுமதிக்கும். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்பது வாக்குறுதி. படிக்கும்போது பெருந்தன்மை மாதிரித் தெரியும். ஆனால் இலங்கையில் சேமலாப நிதிச் சட்டம் வந்ததே 1958இல். அதற்கு முந்தைய நூறு வருச உழைப்புக்கு எந்த ஏட்டிலும் பற்று வரவு இல்லை. வெட்டிய காடு, போட்ட ரோடு, அமைத்த ரயில் பாதை, கட்டிய ஃபேக்டரி எதுவும் சொத்துக் கணக்கில் வரவில்லை. கையில் இருப்பது எவ்வளவு என்று மட்டும் கேட்ட சட்டம் அது. எவ்வளவு பறிபோனது என்று கேட்கவில்லை.

நாங்கள் கிளம்பியது பஞ்ச காலத்தில். 1973-74இல் தோட்டங்களில் மாவுக்கும் அரிசிக்கும் பட்ட பாடு அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் கைக்கு வந்து, பயண நாள் குறித்த பிறகு விற்கிற வேலை தொடங்கியது. ரெண்டு ஆடு, நாலு கோழி, ஒரு மரக்கட்டில், லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறித் தோட்டத்து மகசூல். நாள் குறிச்ச வீட்டுச் சாமானுக்கு விலை ஏது? வாங்க வந்தவனுக்கு நாம போயே ஆகணும்னு தெரியும். இன்னும் ரெண்டு நாள் பொறுத்து வந்தான்னா இன்னும் குறைச்சுக் கேப்பான். ஒரே சமயத்தில் ஒரே லயத்தில் ஏழெட்டுக் குடும்பம் கிளம்பியது. எல்லா வீட்டிலும் ஒரே சாமான், எல்லாரும் விற்கிறவர்கள்.

கட்டியது இவ்வளவுதான்: ஒரு தகரப் பெட்டி, மூணு சாக்கு மூட்டை, ஒரு படுக்கைக் கட்டு. பெட்டிக்குள் துணி, ரெண்டு பித்தளைச் செம்பு, சாமி படம், ஒரு பொட்டலம் தேயிலைத் தூள், காகிதங்கள். அம்மியை விட்டுவிட்டு வரச் சொன்னார் அப்பா. "கல்லு இந்தியாவுல கெடைக்காதா?" அப்பாயி கேட்கவில்லை. அம்மியை விட்டது, குழவியை எடுத்துப் பழைய படங்கில் சுற்றி மூட்டைக்குள் வைத்தது. படங்கு என்றால் கொழுந்து எடுக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டுகிற சாக்கு. நாற்பது வருசம் கட்டிய படங்கு கடைசியில் குழவிக் கல்லுக்கு உறை ஆனது.

சண்டை வந்தது தப்புக்குத்தான். தாத்தா தப்படிக்கிறவர். விடியுமுன்னே பிரட்டுக்கு ஆள் எழுப்ப அடிப்பதும் அதே தப்புதான், மாசியில் காமன் கூத்துக்கு அடிப்பதும் அதேதான். காமன் கூத்தில் அந்தத் தப்புக்கு முன்னால் எல்லாச் சாதியும் நின்று ஆடியிருக்கிறது. அம்மா சொன்னார்: "இத அங்க கொண்டு போகக் கூடாது மாமா. வாயத் தொறந்து சாதியக் கேக்கத் தேவையே இல்லாமப் போயிரும்." தாத்தா சொன்ன பதில்: "இது இல்லாட்டி மட்டும் கேக்காம வுட்டுருவானா?" ரெண்டு பேர் சொன்னதும் சரி. பறையை விட்டெறிவதா, கையில் எடுப்பதா என்று நம் இயக்கங்களில் பல வருசமாக நடந்த விவாதத்தை எங்கள் லயக் காம்பராவில் சாக்கு கட்டிக்கொண்டே பேசி முடித்துவிட்டார்கள். தாத்தா கம்பளிக்குள் சுருட்டித் தப்பை எடுத்துக்கொண்டார்.

தோட்டத்து லாரியில் ஸ்டேசன் வரை. அங்கிருந்து தலைமன்னாருக்கு ரயில். மலையகத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். இந்தியாவுக்கு ஆள் ஏற்றிப் போன கோச்சியைச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ஒரு குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று வந்தால் ஒப்பாரி வைக்காமல் வேறு என்ன செய்வார்கள்? பிளாட்பாரத்தில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் கட்டிப்பிடித்த கையை விடாமல் வண்டியோடு ஓடினார்கள்.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கிய காலத்தில் ரயிலும் கப்பலும் ஒரே தடமாக இருந்தன. ஒப்பந்தம் போட்ட ரெண்டே மாசத்தில், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதனால் எங்களைப் போன்றவர்களை ஏற்றிய 'இராமானுஜம்' கப்பல் இராமேஸ்வரத்தில்தான் கொண்டுவந்து விட்டது. வழியில் ஒரு சோதனை மேசையில் எங்கள் மூட்டைகளைக் கொட்டினார்கள். அம்மாவின் தோட்டை எடை போட்டார்கள். குழவியைப் பார்த்துச் சிரித்தார்கள். தப்பைப் புரட்டிப் பார்த்தவன் கேட்ட கேள்வியை இங்கே எழுத மாட்டேன். கடலின் இந்தப் பக்கம் இறங்குவதற்கு முன்பே தாத்தா சொன்னது பலித்துவிட்டது.

மண்டபம் முகாமுக்கும் ஒரு வரலாறு உண்டு. இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய் நொடி பார்த்து நிறுத்தி வைக்க இலங்கை அரசே நடத்திய முகாம் அங்கேதான் இருந்தது. போகும்போது பூச்சி மருந்து, திரும்பும்போது புனர்வாழ்வு. முகாம் வாசலில் தரகர்கள் காத்திருந்தார்கள். சிலோன் சோப்பு, சிலோன் துணி, ரேடியோ என்று மூட்டையிலிருந்ததைக் கால் விலைக்கு வாங்கினார்கள். வியாபாரக் கடன் வாங்கித் தருகிறேன் என்று பாதியை விழுங்கினார்கள். ஏமாந்தவர்கள் முட்டாள்கள் என்று ஒரு பேச்சு உண்டு. செக்ரோலில் பேர் பதிந்து சம்பளம் வாங்கியே பழகியவனிடம் நாளையிலிருந்து நீ வியாபாரி என்று சொன்னது யார்? அதைக் கேட்க வேண்டும்.

பாட்டன் ஊருக்குப் போனோம். பேரைத் தவிர எங்களுக்கு அங்கே எதுவும் தெரியாது. ஊருக்கோ எங்களைப் பற்றித் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது. டீக்கடையில் தனி கிளாஸ். வாழ்நாள் முழுக்க உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுத்த கைக்குத் தனி கிளாஸ்! தாத்தாவிடம் தப்பு இருக்கிறது என்று தெரிந்த பதினைந்தாம் நாள், சாவுக்கு அடிக்க வரச் சொல்லி ஆள் வந்தது. கூலிக்குக் கூப்பிடவில்லை, கடமைக்குக் கூப்பிட்டார்கள். தாத்தா போகவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊரில் எங்களுக்கு வேலை இல்லை, தண்ணீர் இல்லை. மறுபடி மூட்டை கட்டி நீலகிரிக்கு ஏறினோம். எங்களைப் போல் ஊரில் தாக்குப்பிடிக்க முடியாமல் மலையேறிய குடும்பங்கள் ஏராளம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பின்னால் டான்டீ ஆனது. 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. நூற்பாலை, ரப்பர் தோட்டம் என்று திட்டங்கள் இருந்தன. ஆனால் கவனியுங்கள்: அங்கே கொழுந்து எடுத்தவர்களுக்கு இங்கேயும் கொழுந்து, அங்கே லயம் என்றால் இங்கேயும் லயம். நிலம் கொடுத்துச் சொந்தக்காரராக்குகிற யோசனை வரவில்லை. தலித்துக்கு மறுவாழ்வு என்றாலும் பழைய வாழ்வைத்தான் மறுபடி கொடுக்கிறார்கள்.

தகரப் பெட்டியில் வந்த காகிதங்களின் கதை தனி. இலங்கைப் பிறப்புச் சான்றில் எங்கள் பெயர் எழுதியவன் காதில் விழுந்தபடி இருக்கும். பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி, குடும்ப அட்டையில் இன்னொரு மாதிரி. நான் பள்ளி முடித்துச் சாதிச் சான்றிதழுக்குப் போனபோது, பாட்டன் இந்த மண்ணில் தாழ்த்தப்பட்டவனாக இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்றார் ஒரு அதிகாரி. தனி கிளாஸ் கொடுத்தவன் ஆதாரம் கேட்கவில்லை. தண்ணீரை நிறுத்தியவன் ஆதாரம் கேட்கவில்லை. உரிமை என்று வந்தால் மட்டும் ஆதாரம்! இழிவுக்குச் சான்றிதழ் தேவையில்லை, இட ஒதுக்கீட்டுக்கு மட்டும் தேவை. துண்டு, தகர வில்லை, பாஸ்போர்ட், குடும்ப அட்டை, சாதிச் சான்று என்று நம் வரலாற்றில் எப்போதும் ஒரு சீட்டுத்தான் நம்மை அளந்திருக்கிறது. அந்தச் சீட்டை எழுதும் பேனா ஒருபோதும் நம் கையில் இருந்ததில்லை.

போர் தொடங்கியதும் 1984இல் கப்பல் நின்றது. அதற்குள் குழந்தைகளையும் சேர்த்து நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்திருந்தார்கள். இந்தியப் பிரஜாவுரிமை வாங்கியும் வர முடியாமல் அங்கேயே நின்றவர்களுக்கு இலங்கை 2003இல் சட்டம் போட்டுத் தன் குடியுரிமையைக் கொடுத்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் புதிய கப்பல் விட்டார்கள். உறவின் பாலம் என்று மேடையில் பேசினார்கள். நல்லதுதான். ஆனால் தலைமன்னார்க் கப்பலில் அறுத்தெறியப்பட்ட உறவைப் பற்றி அந்த மேடையில் யார் பேசுவார்?

அதற்கு முந்தைய ஆண்டு, 2022இல், டான்டீ நிலத்தில் ஏறத்தாழ 2,150 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கத் தமிழக அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்றவர்கள் லய வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்து, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் சனங்கள் தெருவில் இறங்கினார்கள். கங்காணியோடு போனது ஒரு மூட்டை, கப்பலில் வந்தது ரெண்டாவது மூட்டை. மூன்றாவது மூட்டையை எங்கே தூக்கிக்கொண்டு போவது? மலையைத் திருத்தியது நாம், காடு அழிந்த பழியும் நமக்கு, கையில் பட்டா மட்டும் கிடையாது.

மாணவத் தோழர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். அந்தக் கப்பலில் பெரியவர்களாக வந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் வால்பாறையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அது புத்தகத்தில் இருக்கிறது. என்ன கொண்டு வந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள், எதை எவ்வளவுக்கு விற்றீர்கள், எதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் படமெடுத்து வையுங்கள். நில உரிமை கேட்டு நாம் வழக்காடப் போகும் நாளில், நாம் யார், இங்கே எப்படி வந்தோம் என்பதற்கு அந்தப் பட்டியல்தான் சாட்சி. அரசாங்கம் போட்ட கணக்கு 4,000 ரூபாய். நம் கணக்கை நாம்தான் போட வேண்டும்.