எந்திர நாடு: தந்தையின் ராலி, மகனின் ஃபார்முலா

2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டான் அணியின் மஞ்சள் நிறக் காரை ஓட்டியபோது, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார் கோவையின் நரேன் கார்த்திகேயன். கோவைக்காரர்களுக்கு இது மனப்பாடம். அதே வீட்டில் முந்தைய தலைமுறை செய்ததை ஊர் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவருடைய தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். ஏழு முறை என்பது தற்செயலாக அமைவதில்லை. இரவெல்லாம் ஓட்டி, பாதி வழியில் உடைந்ததைத் தெருவோரத்தில் கட்டிச் சரிசெய்து, மறுபடியும் நேரக்கணக்குக்குள் வந்து சேர்கிறவருக்கே அந்த ராலிகள் வசப்பட்டன. ஆனாலும் தந்தையின் புகழ் நாட்டின் எல்லைக்குள் நின்றது. மகன் உலகின் உச்சிப் பந்தயத்துக்குப் போனார். இது காலத்தின் வேறுபாடு என்பதே வழக்கமான பதில்: தந்தை காலத்தில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, மகன் காலத்தில் தாராளமயம். பதிலில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அது போதாது. 1991க்குப் பிறகும் கோவையிலிருந்து லீலாகிருஷ்ணன் போன்ற தேசிய அளவிலான ராலி வீரர்கள் வந்தார்கள். சண்டிகரின் ஹரி சிங்கோடு அவர் நடத்திய போட்டியை 1990களின் ராலி ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். கதவு திறந்த பின்னும் கொங்கு நாட்டின் ராலி உலக மேடையில் நிலைகொள்ளவில்லை. டிராக் பந்தயம் மட்டும் நிலைகொண்டது. காரணத்தைக் காலத்தில் தேடுவதைவிடக் காரில் தேட வேண்டும் என்பது என் கட்சி.

ராலிக்கு இந்த மண் பொருந்தாமல் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70, திம்பத்துக்கு 27. சமவெளிக்கு இறங்கினால் பல்லடம் பக்கம் கேத்தனூரில் காற்றாலைகளுக்கு நடுவே ஓடும் செம்மண் தடங்கள்; பிற்காலத்தில் கோவை ராலியின் ஸ்பெஷல் ஸ்டேஜ்கள் எனும் நேரப் பந்தயப் பகுதிகள் அங்கேதான் நடந்தன. வண்டி ஓட்டுவதையே பிழைப்பாக்கிய வட்டாரமும் இதுதான்: நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள், சங்ககிரி லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போய்க் கிணறு போடுகின்றன. ரிக் வண்டி போன தூரம் ராலி கார் போகவில்லை என்பது வேடிக்கையான உண்மை.

டிராக் பந்தயம் ஏன் தழைத்தது என்பதை முதலில் பார்ப்போம். ஜி.டி.நாயுடு 1920இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சி–பழனி வழித்தடத்தில் தொழிலைத் தொடங்கினார். 1937இல் எல்.ஜி.பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் (எல்.ஜி.பி.) நிறுவனமும் போக்குவரத்தில்தான் பிறந்தது. பிறகு செயின் தயாரிப்புக்கு வந்து ரோலான் என்ற பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. 1962இல் நூற்பாலை எந்திரங்களுக்காக லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் எழுந்தது. பேருந்து ஓட்டியவர் உதிரிபாகம் செய்தார், ஆலை நடத்தியவர் ஆலைக்கான எந்திரமே செய்தார். வெளியிலிருந்து வாங்குவதைப் பிரித்துப் பார்த்து, இங்கேயே செய்துவிடலாம் என்று துணியும் பட்டறை மனம் இந்த ஊரில் மூன்று தலைமுறையாக ஊறியது. அந்த மரபில் வந்தவர்தான் எஸ்.கரிவரதன். அவர் வேகமான ஓட்டுநர் மட்டுமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் ஒரு வரி பெற்றிருப்பார். அவர் செய்த பெரிய காரியம், மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தது. ஃபிஸ்மி என்று அதற்குப் பெயர். ஃபார்முலா மாருதி பந்தயம் அந்த வகைக் கார்களால்தான் சாத்தியமாயிற்று. அதுவரை சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஆளுக்கொரு காரோடு ஓட்டிக்கொண்டிருந்த நாட்டில், எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், கட்டுப்படியாகும் செலவு, எங்கும் கிடைக்கும் உதிரிபாகம் என்ற நிலை வந்தது. காரில் வித்தியாசம் இல்லையென்றால் ஜெயிப்பது ஓட்டுநரின் கை. யாரிடம் கைத்திறன் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

நரேனின் பாதையை ஆண்டு வாரியாகப் பார்த்தால் இது விளங்கும். முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரில், ஃபார்முலா மாருதியில். 1992இல் பிரான்சின் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளி. அங்கே நடந்த போட்டியில் அரையிறுதி வரை. 1993இல் மறுபடியும் ஃபார்முலா மாருதி, கூடவே பிரிட்டனில் ஃபார்முலா வாக்ஸ்ஹால் ஜூனியர். 1994இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் சாம்பியன் பட்டம் பெற்ற முதல் இந்தியர். 1996இல் ஃபார்முலா ஏசியா சாம்பியன். பிறகு ஃபார்முலா த்ரீ. ஒவ்வொரு படியிலும் காரின் சக்தி கூடுகிறது. ஆனால் காரின் இனம் மாறவில்லை. எடை குறைந்த திறந்த கார், ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின், ஒரே சுற்றுப்பாதையை அங்குலம் அங்குலமாகப் படிக்கும் வேலை. இந்தியாவில் கற்றது ஐரோப்பாவில் வீணாகவில்லை. பிரெஞ்சுப் பள்ளிதான் அவரை உருவாக்கியது, மாருதி எஞ்சின் பூட்டிய சின்னக் காருக்கு அந்தப் பெருமை சேராது என்று ஒருவர் வாதிடலாம். பள்ளிக்குப் போய்வந்த பின்னும் அவர் 1993இல் அந்தச் சின்னக் காருக்கே திரும்பினார் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போன இருவரில் மற்றவரான சென்னையின் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான்.

பணம் இருந்தது, போனார்கள். இதற்கு இவ்வளவு விளக்கம் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. ஆலைப் பணம் இல்லாமல் இந்தக் கதை இல்லை, மறுக்கவில்லை. மோட்டார் பந்தயம் ஏழைகளின் விளையாட்டாக எங்கும் இருந்ததில்லை. ஆனால் பணம் மட்டுமே காரணமென்றால் மும்பையும் டெல்லியும் அகமதாபாத்தும் முன்னே போயிருக்க வேண்டும். அங்கே கோவையைவிடப் பல மடங்கு பணம் இருந்தது. ஃபார்முலா ஒன் ஓட்டுநர் வரவில்லை. அதைவிட முக்கியம், ராலி ஓட்டியவர்களும் இதே கொங்கு வசதிக்குள் வந்தவர்கள்தான். ஒரே வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்த வித்தியாசத்தைப் பணத்தால் விளக்க முடியாது.

இனி ராலி காருக்கு வருவோம். ஒற்றை இருக்கைக் காரைப் பட்டறையில் செய்யலாம்: இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டகம், கடையில் வாங்கிய எஞ்சின், ஃபைபர் உடல். ராலி காரை அன்று அப்படிச் செய்ய முடியவில்லை. உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் அன்றைய விதிப்படி அது சாலையில் விற்கும் காராக இருக்க வேண்டியிருந்தது; அதைத் தயாரித்த நிறுவனமே விண்ணப்பித்து ஹோமோலகேஷன் என்ற ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 1980களில் வந்த குரூப் ஏ விதியின்படி ஓராண்டில் 5000 கார்கள் தயாராகியிருக்க வேண்டும். 1990களில் அது 2500 ஆகக் குறைந்தது. எவ்வளவு கெட்டிக்காரப் பட்டறைக்கும் இந்த எண்ணைத் தொட வழியில்லை. நம் ஓட்டுநர்கள் உள்நாட்டில் ஜிப்சியிலும் எஸ்டீமிலும் கை தேர்ந்தார்கள். வெளிநாட்டுப் போட்டியில் எதிரே நின்றவை நான்கு சக்கர இழுவையும் டர்போவும் கொண்ட சுபாரு இம்ப்ரெசாவும் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனும். அவற்றை இங்கே கொண்டுவந்து பழக, கார் விலைக்குச் சமமான சுங்க வரி குறுக்கே நின்றது. இதோடு பேஸ் நோட்ஸ் வேறு. முன்கூட்டிப் பாதையைப் பார்த்து, ஒவ்வொரு வளைவுக்கும் குறிப்பெழுதி, நேவிகேட்டர் வாசிக்க வாசிக்கக் கண்ணுக்குத் தெரியாத வளைவுக்குள் காரை விடும் கலை அது. பழகிய காரின் வேகத்துக்கு எழுதிய குறிப்பு, இரு மடங்கு சக்தியுள்ள காருக்குப் பொருந்தாது. ஆக, ராலி ஓட்டுநர் வெளிநாடு போகும்போது மேல்படிக்குப் போகவில்லை, புதிதாக வேறொரு தொழில் கற்கப் போனார். ஆசிய பசிபிக் ராலிகளுக்கு இந்தியர்கள் போகாமலில்லை. அங்கே அவர்கள் பின்தங்கியதைத் துணிச்சல் குறைவென்று சொல்வது அநியாயம்.

கோவை ஒரு கார்த் தொழிற்சாலை ஊராக ஆகியிருந்தால்? ஜி.டி.நாயுடு 1950களில் இருவர் அமரும் மலிவு விலைக் கார் ஒன்றைச் செய்து காட்டினார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ராலி வரலாறே மாறியிருக்கும் என்று சொல்வது ஆசைக் கணக்கு. உரிமம் பெற்று இங்கே தயாரான அம்பாசிடரும் ஃபியட்டும் உலக ராலியில் எதையும் சாதித்துவிடவில்லை. உதிரிபாகங்களில் கெட்டிக்கார ஊராகக் கோவை நிலைத்தது, முழுக் காரை முடிவு செய்யும் ஊராக ஆகவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

என் வாதத்துக்குக் கென்யாவைக் காட்டி மறுப்புச் சொல்லலாம். ஜோகிந்தர் சிங் 1965, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் சஃபாரி ராலியை வென்றார். சேகர் மேத்தா 1973இலும், பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறையும் வென்றார். இருவரும் இந்திய வம்சாவளியினர். கென்யாவில் கார்த் தொழிற்சாலை எதுவும் அவர்களைத் தூக்கிவிடவில்லை. ஆனால் உலக ராலிதான் அவர்கள் வாசலுக்கு வந்தது. சஃபாரியில் தாங்கிய கார் எங்கும் தாங்கும் என்று விளம்பரம் செய்ய டாட்சனும் மிட்சுபிஷியும் நைரோபிக்குக் கார்களோடு வந்தன. உள்ளூர்ச் சேற்றையும் புழுதியையும் அறிந்த ஓட்டுநர் அவற்றுக்குத் தேவைப்பட்டார். 1965இல் ஜோகிந்தர் ஓட்டிய வோல்வோ, தொழிற்சாலை அணி முந்தைய ஆண்டு ஓட்டிவிட்டுப் போன பழைய கார். அப்படியொரு பழைய கார் வாங்கக் கிடைக்கும் ஊராக நைரோபி இருந்தது, கோவை இருக்கவில்லை.

கௌரவ் கில் இன்னும் கடினமான எடுத்துக்காட்டு. டெல்லிக்காரர்; உள்நாட்டில் மகிந்திராவின் எக்ஸ்யூவி 500ஐ ராலியில் ஓட்டியவர்; 2013, 2016, 2017 என மூன்று முறை ஆசிய பசிபிக் சாம்பியன். 2019இல் மோட்டார் பந்தயத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் வீரர். ஏணி இல்லாமலே அவர் ஏறினாரே? ஏறினார். ஆனால் எதில் ஏறினார் என்று பார்க்க வேண்டும். எம்.ஆர்.எஃப். அணி அவருக்குக் கொடுத்தது செக் நாட்டு ஸ்கோடா ஃபேபியா; நேவிகேட்டர் ஆஸ்திரேலியரான கிளென் மக்னீல். அதுவும் ஒரு பருவத்தோடு கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் கொடுத்தது. ஒரு டயர் நிறுவனம் தன் செலவில் ஒரே ஒருவருக்குக் கட்டிய தனிப் பாலம் அது. அவருக்குப் பின்னால் வரிசை உருவாகவில்லை. அதே எம்.ஆர்.எஃப். பிறகு ஐரோப்பிய ராலிக்குப் போனது. 2022இல் அதன் அணி ஓட்டுநர் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். சென்னை நிறுவனத்தின் டயர், ஸ்கோடா கார், ஓட்டுநர் ஸ்பெயினின் எஃப்ரேன் யரேனா.

கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதையை உருவாக்கியவர், எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி.விஜயகுமார். ஒற்றை இருக்கைக் கார்களின் வரிசை இன்றும் அங்கே அறுந்துபோகவில்லை. ராலிக்கு வேண்டியதோ இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. சென்னைப் பந்தயப் பாதையும் ஹூண்டாய் தொழிற்சாலையும் ஒரே ஊரில். அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஐ20 கார்கள் இறங்குகின்றன. அதே ஐ20யின் பெயரைத் தாங்கிய ராலி காரோடுதான் ஹூண்டாய் 2014இல் உலக ராலிக்குத் திரும்பியது, அந்த ஆண்டே ஜெர்மனியில் முதல் வெற்றியைப் பெற்றது. அந்த ராலி கார் உருவாவது ஜெர்மனியின் அல்சனாவில். ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுப்பதும் அங்கேயே. இதுவரை அந்தத் தொழிற்சாலை அணியில் இந்தியர் ஒருவருக்கும் இடம் கிடைத்ததில்லை.