பணம் வரும் பின்னே, செக் வரும் முன்னே

எங்க பெரியப்பா ஒரு சின்ன பெயிண்ட் கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளில், அதாவது நான் பிறப்பதற்கு முன்னால். சரக்கு வருவது வெளியூர் மொத்த வியாபாரியிடமிருந்து. அவருக்குத் தர வேண்டிய செக்கைப் பெரியப்பா எப்போதும் வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் எழுதுவாராம். "லட்சுமிகரமான நாளா பெரியப்பா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு விளக்கினார். வெள்ளி எழுதினால் தபாலில் போய்ச் சேர திங்களோ செவ்வாயோ ஆகும். வெளியூர் செக் என்பதால் அவர் பேங்க் அதைக் கலெக்ஷனுக்கு அனுப்பி, இங்கே வந்து பாஸ் ஆக இன்னும் ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் கடை வசூல் அக்கவுண்டில் ஏறிவிடும். ஆக, செக் எழுதும் நிமிஷத்தில் அக்கவுண்டில் பணம் இருக்கவேண்டிய அவசியமே இல்லை!

இது ஏதோ எங்க பெரியப்பாவின் தனிக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் தேடிப் படித்தால், பெரிய பெரிய கோட்டு சூட்டுக்காரர்கள் எல்லாம் இதையே செய்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

இந்த இடைவெளிக்கு பேங்க் பாஷையில் ஃப்ளோட் என்று பெயர். மிதப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். செக் என்பது பணம் இல்லை, "என் பேங்கில் போய் வாங்கிக்கொள்" என்று சொல்லும் ஒரு கடுதாசி. அந்தக் கடுதாசி நடந்து போய்ச் சேரும்வரை பணம் இரண்டு இடத்திலும் இருப்பது மாதிரி ஒரு மாயை.

"நடந்து" என்று சும்மா சொல்லவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஒவ்வொரு பேங்கின் குமாஸ்தாவும் கையில் செக் கட்டோடு மற்ற பேங்குகளுக்கு நடந்தே போய்ப் பணம் வாங்கி வந்தார்கள். கால் வலித்ததோ என்னவோ, ஒரு கட்டத்தில் எல்லோரும் ஒரு மதுக்கடையில் கூடி, செக்குகளை மாற்றிக்கொண்டு, வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். முதலாளிகள் முதலில் முறைத்தாலும், 1770களில் அதற்கென்றே ஓர் அறை வாடகைக்கு எடுக்கப்பட்டது. லண்டன் கிளியரிங் ஹவுஸ் பிறந்த கதை இதுதான். சோம்பேறித்தனத்தால் உலகத்துக்குக் கிடைத்த நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் :-)

லண்டன் ஒரே ஊர், அதனால் தப்பித்தது. அமெரிக்கா பெரிய தேசம், ஆயிரக்கணக்கில் குட்டி குட்டி பேங்குகள். வெளியூரிலிருந்து வரும் செக்குக்கு முழுப் பணம் தராமல் கொஞ்சம் கழித்துக்கொள்ளும் பழக்கம் அந்த பேங்குகளுக்கு இருந்தது. அந்தக் கழிவைத் தவிர்க்க, தெரிந்த பேங்க், அதற்குத் தெரிந்த பேங்க் என்று சுற்றுவழியில் செக்கை அனுப்புவார்கள். ஜேம்ஸ் கேனன் என்பவர் கிளியரிங் ஹவுஸ்கள் பற்றி எழுதிய புத்தகத்தில் ஓர் உதாரணம் தருகிறார். நியூயார்க் மாநிலத்தின் சாக் ஹார்பர் பேங்க் மேல் எழுதப்பட்ட செக் ஒன்று, நியூஜெர்சியின் ஹோபோகன் ஊரில் டெபாசிட் ஆகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 100 மைல். அந்தச் செக் பாஸ்டன், டொனவாண்டா, ஆல்பனி என்று ஊர் ஊராகச் சுற்றி, ஏறக்குறைய 1500 மைல் யாத்திரை முடித்து வீடு வந்து சேர்ந்தது. பத்து நாளுக்கு மேல் ஆனது. எழுதினவருக்கு அத்தனை நாளும் மிதப்பு!

1913-ல் ஃபெடரல் ரிசர்வ் சட்டம் வந்தது. அந்த மத்திய வங்கி செக் கிளியரிங்கை ஒழுங்குபடுத்தியதும் இந்தச் சுற்றல் குறைந்தது. ஆனால் மிதப்பு ஒழியவில்லை, ஒரு நாள், இரண்டு நாளாகச் சுருங்கியது. "ஒரு நாளில் என்ன கிடைத்துவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். அது தொகையையும் வட்டியையும் பொறுத்தது.

1980 அமெரிக்காவுக்கு வாருங்கள். பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்த வருஷம் டிசம்பரில் பெரிய பேங்குகள் நல்ல வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த கடனுக்கே வட்டி 21.5 சதவீதம். அந்தச் சமயத்தில் ஈ.எஃப். ஹட்டன் என்று ஒரு பங்குத் தரகு நிறுவனம். 1904-ல் ஆரம்பித்தது, நாடு முழுக்கக் கிளைகள், டிவியில் பிரபலமான விளம்பரம். கூட்டமான இடத்தில் ஒருவர் "என் தரகர் ஹட்டன்" என்று வாயெடுத்ததும் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதை நீட்டுவார்கள். அவ்வளவு மரியாதையான கம்பெனி.

அந்த மரியாதையான கம்பெனி என்ன செய்தது? ஒவ்வொரு கிளையிலும் வாடிக்கையாளர்கள் கொடுக்கும் செக்குகள் உள்ளூர் பேங்கில் போடப்படும். அங்கிருந்து கிளைக்காரர்கள் தலைமை அலுவலகத்துக்குப் பணத்தை எடுத்து அனுப்புவார்கள். இதுவரை தப்பில்லை. ஆனால் வசூலாகி இருப்பதைவிட அதிகமாகவே எடுப்பார்கள். வேண்டுமென்றே, கணக்குப் போட்டு. குறைகிற தொகையை மறுநாளோ அதற்கடுத்த நாளோ வேறொரு பேங்க் செக்கால் நிரப்புவார்கள். சில இடங்களில் ஒரு பேங்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலி போட்டு, மிதக்கும் நாட்களை நீட்டினார்கள். பணமே இல்லாத செக்கை இன்னொரு பணமில்லாத செக்கால் தாங்கிப் பிடிக்கும் இந்த வித்தைக்கு ஆங்கிலத்தில் பட்டம் விடுதல் என்று பெயர். காற்று இருக்கும்வரை பறக்கும்.

சில நாட்களில் இப்படி அதிகமாக எடுத்த தொகை 25 கோடி டாலர் வரை போயிருக்கிறது. நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 கோடிக்கு 18 சதவீத வட்டி என்றால் ஒரே நாளைக்கு 1,23,000 டாலருக்கு மேல். மிச்சப்படுத்திய வட்டியெல்லாம் ஹட்டனுக்கு லாபம், பேங்குகளுக்கு நஷ்டம். கொடுத்த விஷயமே தெரியாமல் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன அந்த பேங்குகள். வட்டி வருமானத்தில் ஒரு பங்கு கிளை மேலாளர்களுக்கும் கிடைத்தது. அப்புறம் அவர்கள் சும்மா இருப்பார்களா?

மாட்டிக்கொண்டது பெரிய பேங்கில் இல்லை. 1981 கடைசியில், நியூயார்க் மாநிலத்தில் படேவியா என்ற சின்ன ஊரிலிருந்த ஹட்டன் கிளையின் செக்குகள், அந்தப் பக்கத்துச் சிறு பேங்க் ஒன்றின் கண்ணை உறுத்தின. இத்துனூண்டு ஊரில் எதற்கு இத்தனை பெரிய செக்குகள்? விசாரித்தால், ஆதாரமாகப் போட்ட செக்குகளுக்குப் பின்னாலும் வசூலான பணம் இல்லை. நூல் அறுந்தது.

விசாரணை மூன்று வருஷத்துக்கு மேல் நடந்தது. 1985 மே 2-ம் தேதி பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரில் ஹட்டன் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒன்று இரண்டல்ல, 2,000 மோசடிக் குற்றச்சாட்டுகள்! அபராதம் 20 லட்சம் டாலர். விசாரணைச் செலவுக்கு 7,50,000 டாலர். நஷ்டப்பட்ட பேங்குகளுக்கு ஈடு தனி.

ஜெயிலுக்குப் போனது எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. எந்தத் தனி நபர் மேலும் வழக்கே போடவில்லை. 2,000 குற்றம், குற்றவாளி ஒரு பெயர்ப் பலகை. அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே இதைக் கேட்டுக் கொதித்தார்கள். கம்பெனி தானே நியமித்த முன்னாள் அட்டர்னி ஜெனரல் கிரிஃபின் பெல் ஓர் அறிக்கை கொடுத்தார், அதிலும் பழி நடுமட்டத்து ஆட்கள் மேல்தான் விழுந்தது. ஆனாலும் பெயர் கெட்டது கெட்டதுதான். 1987 அக்டோபர் பங்குச் சந்தை வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, அந்த டிசம்பரில் கம்பெனியை ஷியர்சன் லேமன் நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தமானது.

கொதித்த நாடாளுமன்றக்காரர்களின் யோக்கியதை ஆறே வருஷத்தில் தெரிந்தது, அது தனிக் காமெடி. பிரதிநிதிகள் சபைக்குள்ளேயே உறுப்பினர்களுக்கென்று ஒரு பேங்க் மாதிரி வைத்திருந்தார்கள். சம்பளம் ஏறும் முன்பே செக் எழுதுவார்கள், அதுவும் திருப்பாமல் மற்ற உறுப்பினர்கள் போட்ட பணத்திலிருந்து கொடுத்துவிடும். அபராதமும் இல்லை, வட்டியும் இல்லை. 1991-ல் வந்த தணிக்கை அறிக்கைப்படி ஒரே வருஷத்தில் இப்படி 8,331 செக்குகள். ஜிம் நஸ்ஸில் என்ற உறுப்பினர், உங்களோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்று காட்ட, தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு சபையில் பேசினார். பேங்க்கை இழுத்து மூடினார்கள்.

இப்போது பெரியப்பாவிடம் திரும்புகிறேன். ஒருமுறை வெள்ளிக்கிழமைக் கணக்கு தப்பிவிட்டது. பாக்கி தருகிறேன் என்ற கான்ட்ராக்டர் கைவிரித்துவிட்டார். செக் திரும்பிவிட்டது. மொத்த வியாபாரியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ். நம் செலாவணி முறிச் சட்டம் 1881-ல் வந்தது. அதில் 1988-ல் திருத்தம் செய்து சேர்த்த 138-வது பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் அமலானது. அதற்கு முன் பணமில்லாமல் செக் கொடுத்தவரைத் தண்டிக்க, ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். 138-ல் அந்தத் தலைவலி இல்லை. நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால் குற்றம். அப்போது ஒரு வருஷம் வரை சிறை, பிறகு 2002-ல் செய்த திருத்தம் அதை இரண்டு வருஷமாக்கியது. தொகை 38,000 ரூபாய். பதினோராம் நாள் பெரியம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவற்றை மீட்கவே முடியவில்லை. பெரியம்மா இன்றைக்கும் அந்தக் கான்ட்ராக்டர் பெயரைச் சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

இரண்டு தேசம், இரண்டு சட்டம், ஒப்பிடுவது முழு நியாயமில்லை, தெரியும். கடன் கொடுத்த வியாபாரிக்கும் பாதுகாப்பு வேண்டும், அதுவும் தெரியும். ஆனாலும் ஹட்டன் கதையைப் படிக்கும்போது எனக்கு அந்த வளையல்கள்தான் ஞாபகம் வந்தன. எண்ணம் இருந்தது என்று ஒப்புக்கொண்டவர்களில் யார் வீட்டு வளையல் போனது?

அப்புறம் அந்த மிதப்பு என்ன ஆனது? 2001 செப்டம்பர் 11-ல் அமெரிக்காவில் விமானங்கள் நின்றன. செக் மூட்டைகள் போவது விமானத்தில், அவையும் நின்றன. வழக்கமாகச் சில நூறு மில்லியன் டாலராக இருந்த ஃபெடரல் ரிசர்வின் மிதப்பு இரண்டே நாளில் 4,700 கோடி டாலர் அளவுக்கு வீங்கியது. 2003-ல் செக் 21 என்ற சட்டம் போட்டு, காகிதத்துக்குப் பதில் படத்தின் அச்சு நகலே போதும் என்றார்கள். நம் ஊரிலும் செக்கை ஸ்கேன் செய்து அனுப்பும் முறை 2008-ல் டெல்லியில் தொடங்கி, 2011-ல் சென்னைக்கு வந்தது. 2025 அக்டோபர் 4 முதல் பகலில் வரும் செக்குகள் உடனுக்குடன் போய், பணம் இருக்கிறதா இல்லையா என்று அன்று இரவு 7 மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. "அன்னிக்கேவா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப வெள்ளிக்கிழமையில ஒண்ணும் இல்லைன்னு சொல்லு."