பி.எம். கிசான் உதவித்தொகை (ரிஷிவந்தியம் வட்டாரம்)

கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியம் ஒன்றிய விவசாயிகளும் பயன்பெறும் மத்திய அரசுத் திட்டம். 2019 பிப்ரவரி 24-இல் தொடங்கப்பட்டது. பட்டா வைத்துள்ள தகுதியான விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், தலா 2,000 வீதம் மூன்று தவணைகளில் நேரடியாக வங்கிக் கணக்கில் சேரும். வருமான வரி செலுத்துவோருக்குக் கிடையாது.

முறைகேடு: 2020-இல், இணையவழிச் சுயபதிவு வசதியையும் அலுவலகக் கடவுச்சொற்களையும் தவறாகப் பயன்படுத்தி, தமிழகத்தில் விவசாயிகள் அல்லாதோர் உட்பட சுமார் 5.5 லட்சம் தகுதியற்றோர் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ 110 கோடி ரூபாய் அவர்களுக்குப் போனது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, தொகையின் ஒரு பகுதி திரும்ப வசூலிக்கப்பட்டது.

குறை: சொந்தப் பெயரில் நிலம் இருப்பதே தகுதி என்பதால், குத்தகைக்கு உழுபவருக்கு இத்தொகை கிடைப்பதில்லை. உழைப்பவரை விட்டுவிடும் இந்த விதி திருத்தப்பட வேண்டும்.