மெழுகுத் தட்டில் ஒரு தவளை

1980-களில் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர்களிடம் விலங்கியல் ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் வாடையைத்தான் சொல்வார்கள். ஃபார்மலினும் குளோரோஃபார்மும் கலந்து மூக்கில் ஏறும். மெழுகு ஊற்றிய தட்டில் தவளை மல்லாந்து கிடக்கும். நான்கு கால்களிலும் குண்டூசி. தோலைக் கிள்ளித் தூக்கிக் கத்தரியால் நேராக வெட்டிவிடலாம். அதற்கடுத்த தசையில்தான் சூட்சுமம். வயிற்றின் நடுக்கோட்டில், உட்புறமாக ஒரு சிரை ஓடுகிறது. ஆகவே சற்று ஒதுங்கித்தான் வெட்ட வேண்டும். பதற்றத்தில் கத்தரி அதில் பட்டால் தட்டுத் தண்ணீர் முழுக்கச் சிவந்துவிடும். பிறகு தமனி எது, சிரை எது என்று துழாவ வேண்டியதுதான். எல்லாம் சரியாக நடந்தால், நெஞ்செலும்பை நீக்கியதும் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருப்பது தெரியும். சளசளத்துக்கொண்டிருந்த பெஞ்சு அந்த இடத்தில் அடங்கிவிடும்.

இந்தத் தட்டு நம் ஊருக்கு வந்தது லண்டனிலிருந்து.

1871 கோடையில், சவுத் கென்சிங்டனில் அறிவியல் ஆசிரியர்களுக்காகத் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி ஒரு வகுப்பு நடத்தினார். டார்வினுக்காக மேடையேறி வாதாடிய அதே ஹக்ஸ்லிதான். காலையில் அவர் பேசுவார். பிறகு ஆசிரியர்களே அறுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, வரைய வேண்டும். உலகத்து உயிர்கள் அத்தனையையும் படிக்க முடியாது, வகைக்கு ஒன்றைப் பிடித்து அதை முழுதாகப் படி என்பது அவர் முறை. 1875-இல் ஹெச். என். மார்ட்டினோடு சேர்ந்து அவர் எழுதிய செய்முறை நூல் ஈஸ்ட்டில் ஆரம்பித்துத் தவளையில் முடிந்தது. 1888-இல் வந்த திருத்திய பதிப்பு வரிசையைத் தலைகீழாக்கித் தவளையை முதலில் வைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றிலிருந்து தொடங்குவதைவிட, கையில் பிடிக்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குவது மாணவனுக்கு எளிது அல்லவா?

இந்தியக் கல்லூரிகளுக்கு முறை வந்தது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது. புத்தகத்தில் இருப்பது ஐரோப்பிய மண்புழு, ஐரோப்பியத் தவளை. தட்டில் கிடப்பதோ உள்ளூர்ச் சரக்கு. படத்தில் உள்ளது உடம்பில் இருக்காது. லக்னோவில் கே. என். பஹல் இதற்கு வழி கண்டார். இந்திய விலங்கு ஒன்றுக்கு ஒரு நூல் என்று ஒரு வரிசையைத் தொடங்கி, 1926-இல் ஃபெரிடிமா மண்புழுவைப் பற்றித் தானே எழுதினார். 1928-இல் அதே வரிசையில் ஸ்கோலியோடான் சுறாவைப் பற்றி எழுதியவர் ஒரு தமிழ்ப் பெண்: இ. எம். தில்லையம்பலம். பின்னாளில் யாழ்ப்பாணம் சுண்டுக்குளி மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்தவர். சுறாவை அறுத்து மூளை நரம்புகளைத் தேடிய எத்தனையோ மாணவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது என்பது வருத்தம்தான்.

கல்லூரியில் இருந்த தவளை பள்ளிக்கூடத்துக்கு இறங்கியது பின்னால். 1978-இல் தமிழ்நாட்டில் பி.யு.சி. என்ற கல்லூரிப் புகுமுக வகுப்பு போய் மேல்நிலை வகுப்புகள் வந்தன. 1980-இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு. தாவரவியலும் விலங்கியலும் 'உயிரியல்' என்று ஒரே பாடமாகின. ஆனால் தனித்தனிப் புத்தகம், தனித்தனி விடைத்தாள். பேருக்குத்தான் ஒரே குடும்பம், அடுப்பு இரண்டு. இருநூறு மதிப்பெண்ணில் செய்முறைக்கு ஐம்பது. ரெக்கார்டு நோட்டு, பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய ஸ்பாட்டர், வெளிப்பள்ளியிலிருந்து வரும் எக்ஸ்டெர்னல் என்று அதற்கென்று ஒரு தனி ஆர்ப்பாட்டம்.

இதற்கிடையே வயலில் தவளை குறைந்துகொண்டிருந்தது. அதற்குக் காரணம் ஆய்வகம் மட்டுமல்ல. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் தவளைக்கால் வெளிநாட்டுச் சாப்பாட்டு மேசைகளுக்குப் போனது. 1987-இல் அந்த ஏற்றுமதி நின்றது. 1990-களில், சென்னையில் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 'காம்ப்யூஃப்ராக்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. அதில் தவளையைக் கணினித் திரையிலேயே அறுக்கலாம். தப்பாக வெட்டினாலும் தண்ணீர் சிவக்காது. கல்லூரிகளில் அறுப்பதைப் படிப்படியாகக் கைவிட 2011-இல் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டியது. 2014-இல் அறவே நிறுத்தச் சொன்னது.

இப்போது பிளஸ் டூ உயிரியலுக்கு நூறு மதிப்பெண், செய்முறைக்கு இருபது. தட்டு இல்லை, குண்டூசி இல்லை. ஆனால் 2018-இல் வந்த பிளஸ் ஒன் விலங்கியல் புத்தகத்தைப் புரட்டினால் மண்புழு, கரப்பான், தவளை என்று மூன்று உயிர்கள், கீழிருந்து மேலாக, தலை முதல் கால் வரை விவரிக்கப்பட்டிருக்கின்றன. அது ஹக்ஸ்லியின் முதல் பதிப்பு வரிசை. அந்தத் தவளைக்கு வகைப்பாட்டியலாளர்கள் பேரினப் பெயரை மாற்றிவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் அது இன்னும் ரானா ஹெக்ஸாடாக்டைலாதான்.