நாடுகடத்தப்பட்ட ஒரு வேல்ஸ் பேய்

வேல்ஸ் நாட்டுப் பேய்க்கதை எண்டால் பழைய பண்ணைவீடும் பழிவாங்கிற ஆவியும் கட்டாயம் வரும். அந்த ஆவிக்கு ஏன் கோபம் வந்தது எண்டு கேக்கிற ஆக்கள் குறைவு. காரணம் சொல்லுற கதை ஒண்டை உங்களுக்குச் சொல்லுறன்.

ஒக்ஸ்போர்ட்டின்ர முதலாவது கெல்டிக் பேராசிரியர் ஜோன் ரீஸ் 1901இல வெளியிட்ட நாட்டார்கதைத் தொகுப்பில இது இருக்கு. இடம், தென்கிழக்கு வேல்ஸில மொன்மத்ஷயர். பூக்கா எண்டது அங்கத்தைய வீட்டு ஆவி. இரவில ஒரு கிண்ணம் பாலும் பாண்துண்டும் வைச்சால், விடியமுதல் உடுப்புத் தோய்ச்சு, நூல் நூற்று முடிச்சிடும்.

ஒருநாள் வேலைக்காரப் பெட்டை குறும்புக்கு, கம்பளிச் சாயத்துக்கு வைச்சிருந்த மூத்திரத்தைப் பாலுக்குப் பதிலா ஊத்தி வைச்சிட்டாள். பூக்கா அவளைப் பிடிச்சு உதைச்சுப்போட்டு அடுத்த பண்ணைக்குப் போயிட்டுது. அது ஒளிச்சு வைச்சிருந்த பேரை அங்க தந்திரமா அறிஞ்சிட்டினம். அங்கையிருந்தும் வெளிக்கிட்டுது. மூண்டாவது பண்ணையில மோசஸ் எண்ட வேலையாள் அதுக்குக் கூட்டாளி ஆனான்.

பிறகு சண்டை வந்தது. ஹென்றி டியூடர் 1471இல கடல் கடந்து, பிரான்சுப் பக்கமிருக்கிற பிரிட்டனிக்குத் தப்பிப் போனவர். 14 வருசம் அகதி வாழ்க்கை. 1485 ஆகஸ்டில வேல்ஸ் கரையில இறங்கி, வழியில வேல்ஸ் பெடியளையும் சேர்த்துக்கொண்டு போய், பொஸ்வேர்த்தில மூன்றாம் ரிச்சர்டைத் தோற்கடிச்சு அரசனானார். கதையில மோசஸும் அந்தச் சண்டைக்குப் போறான். திரும்பி வரேல்லை.

அதுக்குப் பிறகுதான் பூக்கா பொல்லாத ஆவியானது. உழுகிற மாடுகளைக் கலப்பையோட இழுத்துக்கொண்டு திரிஞ்சுது. இருட்டினால் வீட்டுக்குள்ளயும் மாட்டுக்கொட்டிலிலயும் அட்டகாசம். பண்ணைக்காரன் கார்லியன் பக்கமிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டியந்தான். அவர் பூக்காவின்ர நீள மூக்கில குத்தூசியை ஏத்திப் பிடிச்சு, பெரிய புத்தகமொண்டை வாசிச்சு, 14 தலைமுறைக்கு அதைச் செங்கடல் கரைக்கு நாடுகடத்தினார். ஒரு சுழல்காத்து வந்து கொண்டுபோச்சுதாம்.

கதை கற்பனைதான். ஆனா சண்டை உண்மை, அதில செத்த பேர்தெரியாத ஆக்களும் உண்மை. இதைப் பழிகாரப் பேய் எண்டு சொல்லுறது லேசு. எனக்கு அது துக்கம் எண்டுதான் படுது. சண்டைக்குப் போய் வராத பிள்ளைக்குச் செத்தவீடு செய்ய வழியில்லாமல் இருந்த எங்கட சனத்துக்கு இது விளங்கும். அந்தப் பண்ணையில ஒருத்தரும் மோசஸைப் பற்றிப் பூக்காவோட ஒரு வார்த்தை கதைச்சதாக் கதையில இல்லை. துரத்திறதுக்குத்தான் ஆள் பிடிச்சவை.

தலைமுறைக்கு 25 வருசம் எண்டு எண்ணிப் பாத்தன். தண்டனை 1835 அளவில முடிஞ்சிருக்கவேணும். அகதியாப் போன ஹென்றி 14 வருசத்தில அரசனாத் திரும்பினார். பூக்கா போனது போனதுதான்.