பள்ளி என்னும் சொல்: எல்லைப்புறத்திலிருந்து சில குறிப்புகள்

ஆனைக்கரை என்ற பெயரில் ஐகாரம் இரண்டு. மலையாளப் பெயர்ப்பலகையில் அவை அகரமாகி 'ஆனக்கர' என்று நிற்கும். பாலக்காடு மாவட்டத்தில் குற்றிப்புறம் பக்கம் ஓர் ஆனைக்கரை, இடுக்கியின் ஏலமலையில் எங்கள் ஆனைக்கரை. இரண்டுக்கும் இதே கதிதான். தலை 'தல' ஆகும், மலை 'மல' ஆகும், விலை 'வில' ஆகும். கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது ஒரு தொல்லையே இல்லை. ஒலிதான் தேய்ந்தது, பொருள் அப்படியே இருக்கிறது. தொல்லை தருபவை ஒலி மாறாமல் பொருள் மாறிய சொற்கள். அவற்றுள் முதலிடம் 'பள்ளி'க்கு.

மூட்டை இறக்க வந்த ஆள் "பள்ளியில் போயிட்டு வராம்" என்று சொன்னால் நான் முதலில் கிழமையைப் பார்ப்பேன். வெள்ளி என்றால் மசூதி, ஞாயிறு என்றால் மாதா கோயில். கம்பத்திலிருந்து வருபவர் "பிள்ளைய பள்ளியில விட்டுட்டு வர்றேன் அண்ணாச்சி" என்றால் அது பாடசாலை. மலையாளி பெரும்பாலும் சொல்லைத் தனியே நிறுத்திவிட்டு, கேட்பவன் புரிந்துகொள்வான் என்று விட்டுவிடுகிறான். தமிழன் பக்கத்தில் இன்னொரு சொல்லைச் சேர்க்கிறான்: மசூதிக்குப் பள்ளிவாசல், கல்விக்குப் பள்ளிக்கூடம், படுக்கைக்குப் பள்ளியறை. 'கொள்' சேர்ந்தால் அரங்கநாதர் நினைவுக்கு வந்துவிடுவார். அங்கே 'பெருநாள்' சேர்ந்து பள்ளிப்பெருநாள் ஆனால் கொட்டும் மேளமும் வாணவேடிக்கையுமாகக் கிறிஸ்தவத் திருவிழா.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம்மூர்க் கிராமங்களில் பள்ளிக்கூடம் என்பது பேச்சில் தேய்ந்து 'பள்ளியோடம்' ஆகும். "பள்ளியோடம் போகலையாடா?" என்று பிள்ளைகளைக் கேட்போம். கேரளத்தில் பள்ளியோடம் என்றால் ஆறன்முளைப் பார்த்தசாரதி கோயிலைச் சேர்ந்த நீண்ட பாம்பு வள்ளம்! கேட்டால் ஒரே சொல், பிரித்தால் இரண்டு. நம்முடையது பள்ளி + கூடம். ககரம் போய் யகர உடம்படுமெய் வந்தது. அவர்களுடையது பள்ளி + ஓடம். அங்கே பள்ளிக்குப் படுக்கையும் இல்லை, பாடமும் இல்லை. தெய்வத்துக்கோ அரசனுக்கோ உரியது என்கிற மரியாதை மட்டும்தான். பள்ளிவாள், பள்ளிவேட்டை எல்லாம் இந்த வகை. அரசன் தூங்கினான் என்று சொல்லாமல் பள்ளிகொண்டான் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பணிவு முன்னொட்டாக ஒட்டிக்கொண்டது என்பது என் துணிபு. நம் பக்கத்திலும் இதன் சாயல் உண்டு. இறந்த அரசனுக்கு எடுத்த கோயிலைச் சோழர் பள்ளிப்படை என்றனர். அரிஞ்சயனுக்கு இராசராசன் எடுத்த மேல்பாடிக் கோயில் அத்தகையது.

சரி, பழைய பொருள் என்ன? மதுரையை அடுத்த மாங்குளம் குன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பர். நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. கணி நந்தன் என்னும் சமண முனிவருக்குச் செய்து கொடுத்தது 'பளிஇய்'. ஒற்றெழுத்து இரட்டிக்காத அக்கால எழுத்து முறையில் எழுதப்பட்ட நம் 'பள்ளி'தான் அது. குகைக்குள் போய்ப் பார்த்தால் பாறையை வழவழப்பாகச் செதுக்கிய படுக்கைகள். படுக்கும் இடம், துறவி தங்கும் இடம், அவர் சொல்லிக்கொடுக்கும் இடம் எனப் பொருள் விரிந்ததற்கு இந்தக் கல்லைவிட நல்ல அகராதி வேண்டாம்.

சோழர் காலத்தில் இது வருவாய்த்துறைச் சொல்லாகிவிட்டது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம் பள்ளிச்சந்தம். கோயிலுக்கு விட்டது தேவதானம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததும் பள்ளிச்சந்தமாகத்தான். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, கி.பி. 849இல், வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துக் கிறிஸ்தவக் கோயிலுக்கு அளித்த செப்பேடு அதைத் தரிசாப்பள்ளி என்று குறிக்கிறது. ஆகவே மலையாளத்தார் நேற்று எடுத்துக்கொண்ட சொல் இல்லை.

இங்கேதான் எங்கள் சமூகத்து மலர்களில் எழுதும் அன்பர்களோடு எனக்கு வழக்கு. பள்ளி என்று முடியும் ஊரெல்லாம் சமணர் ஊர் என்று எழுதிவிடுகிறார்கள். பிறப்பால் நானும் நயினார்தான். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மதுரைக்காஞ்சியே பௌத்தருக்கும் சமணருக்கும் பள்ளி சொல்லிவிட்டு அந்தணர்க்கும் பள்ளி சொல்கிறது. தெலுங்கில் 'பல்லி', கன்னடத்தில் பகரம் ஹகரமாகி 'ஹள்ளி' என்றால் வெறும் சிற்றூர். 1940இல் மின்நிலையம் தொடங்கிய எங்கள் மாவட்டத்துப் பள்ளிவாசலையும் ஒரு நண்பர் பட்டியலில் சேர்த்தார். கல்வெட்டு உண்டா, திருமேனி உண்டா, படுக்கை உண்டா என்று கேட்டேன். பெயரே போதாதா என்றார். போதாது ஐயா.

பெயரில் பள்ளி இல்லாத இடத்தில் சான்று கிடக்கிறது என்பதுதான் விசித்திரம். பாலக்காட்டு ஜைனிமேட்டில் சந்திரநாதர் கோயில் இன்றும் இருக்கிறது. ஆலத்தூர்ப் பக்கம் கோதாபுரத்தில் மகாவீரர், பார்சுவநாதர் சிலைகள் கிடைத்தன. பெயரை மட்டும் நம்பித் திரிந்தால் இந்த ஊர்களைத் தாண்டிப் போய்விடுவோம்.

குமரி மாவட்டத்துச் சிதறால் குன்றைப் பாருங்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும், பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்களும் அங்கே உண்டு. திருச்சாரணத்துப் பள்ளி என்று பழைய பெயர். பின்னர் பகவதி கோயிலானது. ஊரார் வாயில் இப்போது அது மலைக்கோயில். நாங்களும் அப்படித்தான், மேல்சித்தாமூரிலும் திருப்பருத்திக்குன்றத்திலும் கோயில், ஜினாலயம் என்போமே தவிரப் பள்ளி என்று சொல்வதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கு நேரமாச்சு என்றால் பேரன் புத்தகப்பையைத்தான் தேடுகிறான்.