குறுகிய கால அளிப்பு: ஓணப் பூச்சந்தை

போட்டிச் சந்தையில் தேவை கூடும்போது, கையிலுள்ள நிலத்தையும் கருவிகளையும் மாற்றாமலே சிறு உற்பத்தியாளர்கள் அளிப்பைப் பெருக்கும் முறை. பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலில் இதை மீன்பிடித் தொழிலைக் கொண்டு விளக்கினார். திருவனந்தபுரத்துக்குப் பூவே பொருத்தமான சான்று.

அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள் இடும் பூக்கோலமான அத்தப்பூக்களத்துக்காக, அந்நகரின் சாலைக் கடைவீதிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தையிலிருந்து கேந்தி, வாடாமல்லி, அரளி, செவ்வந்தி வந்து குவிகின்றன. விற்பவர் பலர்; விலையைத் தனியொருவர் தீர்மானிக்க முடியாது. விலை ஏறினால் விவசாயி செய்யக்கூடியது, கூடுதல் ஆள் வைத்து ஒரு பூவும் விடாமல் பறிப்பது. வியாபாரி ஓசூர், பெங்களூரு வரை லாரி அனுப்புவார். இப்படி வரும் ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் கூலியும் வாடகையும் ஏறும். அந்த இறுதிநிலைச் செலவு சந்தை விலையைத் தொடும்வரை அளிப்பு பெருகும். ஆண்டுதோறும் இந்த விலையேற்றத்துக்கு வியாபாரியின் பேராசையைப் பழிப்பது வழக்கம். பாதிப் பழி செடிக்குச் சேர வேண்டும். கேந்தி நட்டுப் பூப்பறிக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும், பண்டிகை அதுவரை காத்திராது.

ஓணம் முடிந்து, பறிகூலிக்கும் கட்டாத அளவுக்கு விலை சரிந்தால், பூவைச் செடியிலேயே விட்டுவிடுவதுதான் நட்டத்தைக் குறைக்கும் வழி.

நல்ல விலை புதியவர்களையும் இழுக்கும்: கேரளத்துக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் ஓணத்தைக் குறிவைத்துக் கேந்தி பயிரிடுகின்றன. அது நீண்ட காலக் கணக்கு.